சிகரத்தில் இல்லாத ஐந்தாவது ஆள்

1911 கோடையில், அமெரிக்காவின் கொலராடோவில் 14,100 அடி உயரமுள்ள பைக்ஸ் பீக் சிகரத்தில் நான்கு ஆண்கள் ஐந்து வாரம் தங்கினார்கள். ஹால்டேன், டக்ளஸ், ஹெண்டர்சன், ஷ்னைடர் ஆகிய அந்த விஞ்ஞானிகள், காற்றழுத்தம் குறைந்த இடத்துக்கு மூச்சு எப்படிப் பழகுகிறது என்பதைத் தங்கள் உடல்களிலேயே அளந்தார்கள். குழுவின் ஐந்தாவது ஆள் மேபல் ஃபிட்ஸ்ஜெரால்டு. அவர் சிகரத்தில் தங்கவில்லை. மணமாகாத பெண் ஆண்களோடு ஒரே கூரையின் கீழ் இருப்பது முறையல்ல என்று கருதப்பட்ட காலம் அது.

ஆக்ஸ்ஃபோர்டில் அவர் உடலியங்கியல் படித்தார்; ஆனால் 1920 வரை அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் தரவில்லை. 1905இல் ஹால்டேனுடன் சேர்ந்து, நுரையீரலின் ஆழத்திலுள்ள கரியமில வாயுவை அளந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆண்கள், பெண்கள், குழந்தைகள் எல்லோரையும் அளந்திருந்தார்கள். பெண்களின் அளவு சற்றுக் குறைவு என்றும் கண்டார்கள். தலைப்பில் மட்டும் ‘மேன்’ என்றிருந்தது. நம் ‘மனித’னுக்கும் அன் விகுதிதானே.

அந்த வாயுவை ஏன் அளக்க வேண்டும்? ஓடும்போது தசைகள் கரியமில வாயுவை மிகுதியாக வெளியிடுகின்றன. அதை வெளியேற்ற மூச்சு ஆழமாகிறது. மலையில் நிலைமை வேறு. அங்கே ஆக்சிஜன் பற்றாக்குறை மூச்சைக் கூட்டுகிறது. கூடிய மூச்சு கரியமில வாயுவைக் கழுவிவிடுகிறது. ஆகவே ஓய்வாக உட்கார்ந்திருப்பவரிடம் அந்த வாயு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தால், மூச்சு எவ்வளவு கூடியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கருவிகளைச் சுமந்துகொண்டு மேபல் கொலராடோவின் சுரங்க ஊர்களுக்குப் போனார். வெவ்வேறு உயரங்களில் குடியிருந்தவர்களின் மூச்சையும் இரத்தத்தையும் சோதித்தார். 1913இல் வெளியான முடிவு தெளிவானது. காற்றழுத்தம் குறையக் குறைய, கரியமில வாயுவும் சீராகக் குறைகிறது. 100 மில்லிமீட்டர் அழுத்தம் குறைந்தால், இரத்தத்தில் ஹீமோகுளோபின் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. பிறகு வட கரோலினாவின் தாழ்ந்த மலைகளிலும் அளந்து, 1914இல் வெளியிட்டார். அங்கும் அதே போக்கு. உடல் சிகரம் வரட்டும் என்று காத்திருப்பதில்லை. சிறு ஏற்றத்துக்கே தன்னை மாற்றிக்கொள்ளத் தொடங்குகிறது.

சிகரத்தில் இருந்தவர்கள் விருந்தாளிகள். மேபல் அளந்தது அங்கேயே வாழ்கிறவர்களின் மூச்சை. விலக்கப்பட்டதும் நல்லதற்கே என்று யாராவது சொல்லக்கூடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. தடை எந்த அறிவையும் தரவில்லை. ஊர் ஊராகப் போன உழைப்புதான் தந்தது. தடைக்கு நன்றி சொல்வது அந்த உழைப்பை இரண்டாம் முறை மறைப்பது.

1915இல் அவர் எடின்பரோ மருத்துவமனையில் வேலைக்குப் போனார். 1930இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் திரும்பினார். அதே ஊரில் இருந்தும், ஹால்டேன் நூற்றாண்டு விழா நடந்த 1961 வரை அறிவியல் உலகம் அவரை மறந்திருந்தது. 1972 டிசம்பரில், அவருடைய நூறாவது வயதில், ஆக்ஸ்ஃபோர்டு அவருக்கு முதுகலைப் பட்டம் வழங்கியது. கௌரவப் பட்டம் என்றார்கள். கடன் என்பதே சரியான சொல். அடுத்த ஆண்டு அவர் இறந்தார்.