மூச்சுவிடுதலும் வளிமப் பரிமாற்றமும்

காற்றிலுள்ள ஆக்சிஜனை இரத்தத்தில் சேர்த்து, உடலில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றும் செயல். மூளையிலுள்ள முகுளத்தின் ஆணைப்படி உதரவிதானம் சுருங்கிக் கீழிறங்க, விலா எலும்புகள் உயர்ந்து மார்பறை விரிகிறது. உள்ளே அழுத்தம் குறைவதால் காற்று நுழைகிறது. ஓய்வில் ஒரு மூச்சுக்குச் சுமார் 500 மில்லிலிட்டர்.

பரிமாற்றம் நுண்ணறைகளில் நடக்கிறது. இரு நுரையீரல்களிலும் 30 முதல் 50 கோடி நுண்ணறைகள் உள்ளன. மொத்தப் பரப்பு ஏறத்தாழ 70 சதுர மீட்டர். அவற்றுக்கும் தந்துகிகள் எனும் நுண் இரத்தக்குழாய்களுக்கும் இடையிலுள்ள சுவர் ஒரு மைக்ரோமீட்டருக்கும் மெல்லியது. இரத்தம் தந்துகியைக் கடக்கும் முக்கால் நொடியில், முதல் கால் நொடிக்குள்ளேயே ஹீமோகுளோபின் ஆக்சிஜனால் ஏறக்குறைய நிறைவுறுகிறது. கார்பன் டை ஆக்சைடின் பெரும்பகுதி பைகார்பனேட்டாக வந்து, மீண்டும் வளிமமாகி வெளியேறுகிறது.

உயரம்: கரியாலூர் என்ற ஊர் அமைந்துள்ள கல்வராயன் மலையில், சுமார் 800 மீட்டர் உயரத்தில், காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. ஆக்சிஜனின் விகிதம் அங்கும் 21 விழுக்காடுதான். அதன் பகுதி அழுத்தமே குறைகிறது. ஆயினும் நலமுள்ளவரின் ஹீமோகுளோபின் 95 விழுக்காட்டுக்கு மேல் நிறைந்தே இருக்கும். மேடேறும்போது இரைப்பது பெரும்பாலும் தசைகளின் உழைப்பால்தான்.

உயிரணு நிலை: இரத்தம் கொண்டுவரும் ஆக்சிஜனை உயிரணுக்கள் பயன்படுத்தவும் வேண்டும்; அது தடைபடுவதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்த 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மெத்தனாலிலிருந்து உடலில் உருவாகும் ஃபார்மிக் அமிலம், உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது; அமிலத்தன்மையைக் குறைக்க மூச்சு வேகமாகிறது. நுரையீரல் பழுதின்றி இயங்கினாலும் உயிரணு மூச்சடைத்துப்போகலாம். இத்தகைய வேகமூச்சு உடனடி மருத்துவமனைச் சிகிச்சை வேண்டிய அபாய அறிகுறி.