பொம்மை ரயிலுக்கு வந்த உத்தியோகம்

வட்டமாகப் போட்ட தண்டவாளத்தின்மீது பொம்மை ரயில் எத்தனை முறை சுற்றினால் பார்க்கிறவனுக்குச் சலிப்புத் தட்டும் என்பதை, அந்தச் சாமானை வாங்கிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே வீட்டார் அறிந்துகொண்டு விடுகிறார்கள். எஞ்சின் எவ்வளவு அழகாயிருந்து என்ன பயன்? அது எங்கும் போகவில்லை. போய்ச் சேரவேண்டிய காரியமும் அதற்கில்லை. இன்று கம்ப்யூட்டர் திரையிலே ரயில் பாவனை விளையாட்டுகளில் கூட்ஸும் பாசஞ்சரும் ஏற்படுத்தி, இரவுத் தூக்கத்தைத் தியாகம் செய்து அவற்றை நடத்துகிறவர்களின் ஆனந்தத்துக்கு மூலம் எது என்று தேடிப் போனால், கம்ப்யூட்டர் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே அமெரிக்காவில் சில பொழுதுபோக்குக்காரர்கள் இந்தச் சலிப்புக்குக் கண்ட ஒரு பரிகாரத்தின் முன்னால்தான் போய் நிற்கவேண்டியிருக்கிறது. அந்தப் பரிகாரம் எஞ்சினில் இல்லை; அட்டையால் செய்த மலைகளிலும் இல்லை; துண்டுக் காகிதத்தில் இருந்தது.

காகிதத்தின் மகிமை அசல் ரயில்வேயிலிருந்து வந்தது. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளில் எது ஒதுங்குவது என்பதற்கு அமெரிக்கர்கள் கால அட்டவணையையே சாஸ்திரமாகக் கொண்டிருந்தார்கள். பிரயாணிகள் வண்டி உயர்ந்த வகுப்பு. அட்டவணையில் இடமில்லாத கூட்ஸோ, பிரயாணிகள் வண்டி வருவதற்குக் குறைந்தது ஐந்து நிமிஷம் முன்னதாகவே பக்கப் பாதையில் ஒடுங்கி நிற்கவேண்டும். உயர்ந்தது தாமதமானால் தாழ்ந்ததும் காத்துக் கிடக்க வேண்டியதுதான். 1851-இல் ஈரி ரயில்வேயின் சூப்பரின்டெண்டென்ட் சார்ல்ஸ் மினாட், தாம் ஏறியிருந்த வண்டி இப்படிக் காத்துக் கிடக்கவே, எதிர்வண்டியைக் கோஷன் ஸ்டேஷனில் நிறுத்திவைக்கும்படி தந்தி கொடுத்துவிட்டுப் புறப்படச் சொன்னார். கம்பியில் வந்த வார்த்தையை நம்பி உயிரைப் பணயம் வைக்க டிரைவர் சம்மதிக்கவில்லை; மினாட் தாமே எஞ்சினை ஓட்ட, டிரைவரோ மோதல் நேர்ந்தால் தப்பிக்கலாமென்று கடைசிப் பெட்டியில் போய் உட்கார்ந்துகொண்டார் என்று சொல்வார்கள். அன்று பிறந்த ‘ரயில் உத்தரவு’ பிற்காலத்தில் இரண்டு வகைப் படிவங்களாயிற்று. 31-ஆம் நம்பருக்கு வண்டியை நிறுத்திக் கையெழுத்திடவேண்டும். 19-ஆம் நம்பரை வளையத்தில் செருகி, ஓடும் வண்டிக்கே நீட்டிவிடலாம்.

இந்தச் சம்பிரதாயத்தை வீட்டு மேஜைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையாகச் சொல்லத் தக்கவர் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த ஃபிராங்க் எல்லிசன். 1944-இல் ‘மாடல் ரெயில்ரோடர்’ பத்திரிகையில் எழுதிய தொடர்கட்டுரைகளில் அவர் மாதிரி ரயிலை நாடகத்துக்கு ஒப்பிட்டார்: வண்டிகள் நடிகர்கள், கால அட்டவணை கதை, தண்டவாளமும் நிலக்காட்சியும் மேடை. பிறகு 1961-இல் டக் ஸ்மித் என்பவர், ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் அட்டையும், அந்த அட்டையின் பையில் செருகச் சரக்குச் சீட்டொன்றுமாக ஒரு முறையை அதே பத்திரிகையில் விவரித்தார். நிலக்கரி சுமக்கும் பெட்டி இன்னது, அது போகவேண்டிய இடம் இன்னது என்று சீட்டே சொல்லிவிடுவதால், ஷண்டிங் என்பது இஷ்டத்துக்குப் பெட்டிகளை இழுக்கும் குழந்தைத்தனம் நீங்கி, பொறுப்புள்ள உத்தியோகமாயிற்று.

காலத்துக்கும் ஒரு தந்திரம் வேண்டியிருந்தது. 87-இல் ஒரு பங்காகச் சுருக்கிய மாதிரியில் ஒரு மைல் சுமார் 60 அடி. எந்த வீட்டுக் கூடம் இரண்டு மைலுக்குத் தாங்கும்? தூரத்தைச் சுருக்கியவர்கள் கடிகாரத்தை முடுக்கிவிட்டார்கள். பன்னிரண்டு மடங்கு வேகத்தில் ஓடும் கடிகாரத்தில் ஒரு நாள் முழுவதும் இரண்டு மணி நேரத்தில் அடங்கிவிடும். என் அபிப்பிராயத்தில், இந்த விளையாட்டிலே மனிதன் செய்த மிகத் துணிச்சலான பொய் இதுதான்.

மேஜை ரயிலிலிருந்து கம்ப்யூட்டருக்கும் ஒரு பாதை போயிற்று. மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து மாணவர்கள் 1946-இல் தொடங்கிய மாதிரி ரயில் சங்கத்தில், மேஜைக்கு மேலே மலை கட்டியவர்கள் ஒரு கூட்டம், கீழே டெலிபோன் ரிலேக்களைக் கொண்டு கம்பி பின்னியவர்கள் இன்னொரு கூட்டம். இந்த இரண்டாம் கூட்டத்தார்தான் பின்னர்க் கழகத்தின் கம்ப்யூட்டர்களைப் போய்ச் சூழ்ந்துகொண்டார்கள். 1962-இல் ‘ஸ்பேஸ்வார்’ என்னும் விளையாட்டை இயற்றிய ஸ்டீவ் ரஸ்ஸலும் அந்தச் சங்கத்தவரே. ஆனாலும் ரயில் திரைக்கு வந்தபோது காகிதத்தை மறந்துவிட்டு வந்தது. 1990-இல் ஸித் மையரின் ‘ரெயில்ரோட் டைக்கூன்’ விளையாடுகிறவனை முதலாளியாக்கிற்று; 2001-இல் மைக்ரோஸாஃப்ட் வெளியிட்ட ரயில் விளையாட்டு டிரைவராக்கிற்று. பின்னதில் பெட்டிகளைச் சேர்க்கவும் கழற்றிவிடவும் வேலைகள் உண்டு. ஆனால் நேற்று விட்டுவந்த பெட்டி இன்று அங்கே காத்திராது. நாளை என்பதே இல்லாத ரயில்வே எத்தனை தத்ரூபமாயிருந்தாலும் அது பொம்மைதான்.

2023-இல் வெளிவந்த ‘ரெயில்ரோடர்’ என்னும் விளையாட்டு அந்த நாளையைத் திருப்பிக் கொடுத்தது. அதன் களம் வட கரோலினா மலைகளில் ஆஷ்வில்லிலிருந்து மர்ஃபிவரை போட்ட கிளைப் பாதையின் மேற்குப் பகுதி. அசல் பாதை 1891-இல் முடிந்தது. அதற்காக டில்ஸ்பரோ அருகே கவீ சுரங்கம் தோண்டிய கைதிகளில் 19 பேர், 1882 டிசம்பரில் படகு கவிழ்ந்து, காலில் சங்கிலியோடு டக்கஸீஜி ஆற்றில் மூழ்கிப் போனார்கள். விளையாட்டிலே அந்த ஆற்றோரமாகப் போகும்போது எனக்கு எஞ்சினின் விசிலைவிட இந்த நினைவே உரக்கக் கேட்கிறது. ஸில்வாவில் வெளி ரயில்வே கொண்டுவந்து விடும் பெட்டிகள் ஒவ்வொன்றும் தன் சரக்குச் சீட்டோடு வரும். அவற்றை ஊர் வரிசைப்படி அடுக்கி, எஞ்சின் முன்னால் நின்றால் எந்தக் கிளைக்குள் தள்ளலாம், எதற்குச் சுற்றிவந்து பின்னால் மாட்டவேண்டும் என்று யோசிப்பதிலேயே அரைமணி போய்விடும். பாசஞ்சருக்கோ ஒவ்வொரு பெட்டியும் நிற்கும் ஊர்களை முன்கூட்டியே குறிக்கவேண்டும். விட்டியர் என்ற ஊரைக் குறிக்க மறந்து நான் ஓட்டிய முதல் வண்டி, பிளாட்பாரத்தில் நின்றவர்களை நிற்கவிட்டுவிட்டு மிகச் சரியான நேரத்தில் புறப்பட்டது.

இதற்குச் சில ஆண்டுகள் முன்னதாக, 2019-இல் வந்த ‘டிரெயில் வேலி’ என்னும் விளையாட்டில் காகிதமே நேரில் வந்துவிடுகிறது. ஸ்டேஷன் ஆபீஸுக்குள் நடந்துபோய், மேஜையிலுள்ள வேலைத் தாள்களில் ஒன்றைப் பொறுக்கி அங்குள்ள இயந்திரத்தில் செருகினால், எந்தப் பாதையில் எந்தப் பெட்டிகள், எந்த ஊருக்கு, எவ்வளவு எடை என்று ஒரு சிறு புத்தகம் அச்சாகி வெளிவரும். வேலை முடிந்ததும் அந்தப் புத்தகத்தையே சேர்விடத்து இயந்திரத்தில் போட்டால்தான் கூலி. எஞ்சினில் அதை மறந்துவைத்துவிட்டு வந்தவன், யார்டின் கோடிவரை திரும்பி நடந்துபோய் எடுத்துவர வேண்டியதுதான்.