கட்டங்களுக்கு வெளியே

அக்கா மகள் நர்சிங் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். போன மாதம் அவளுடைய செய்முறைத் தேர்வுத் தாளைப் பார்த்தேன். கை கழுவுதல், நோயாளியின் பெயரைக் கேட்டு உறுதி செய்தல், மருந்தின் அளவைச் சரிபார்த்தல் என்று ஒவ்வொரு செயலுக்கும் ஒரு கட்டம். செய்தால் மார்க், விட்டால் பூஜ்யம். ஃபூக்கோவைப் படித்த மிதப்பில், "இது கண்காணிப்பு இல்லாம வேறென்ன?" என்றேன். அவள் அசரவில்லை. "மாமா, இந்தத் தாள் இல்லேன்னா மேடத்துக்கு யாரைப் புடிக்குதோ அவளுக்குத்தான் மார்க்கு."

இந்தப் பதிலை எளிதில் ஒதுக்க முடியாது. கட்டங்களின் வரலாறே அதில் அடங்கியிருக்கிறது.

1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. ஒவ்வொரு மாணவிக்கும் மாதாமாதம் ஓர் அட்டவணை. மேட்ரன் வார்ட்ரோப்பர் அம்மையார் அதை நிரப்புவார். ஒரு பாதி தொழில்திறன்: புண்ணுக்குக் கட்டுப் போடுதல், அட்டை விடுதல், படுக்கை விரித்தல். மறுபாதி நன்னடத்தை: நேரந்தவறாமை, அமைதி, நம்பகம், சுத்தம். மருத்துவமனைத் தாதி என்றாலே குடிகாரி என்று டிக்கன்ஸ் நாவல் வரை கேலி செய்த காலம் அது. ஆகவே வேலை தெரிந்திருந்தால் மட்டும் போதவில்லை. 'நல்ல பெண்' என்றும் நிரூபிக்க வேண்டியிருந்தது. நோயாளியை உற்று நோக்கச் சொன்னவர் நைட்டிங்கேல். அவர் பெயரிலான பள்ளியிலோ நோக்குபவளே நோக்கப்படும் பொருளானாள்.

கட்டு சரியாக இருக்கிறதா என்பது கண்ணுக்குத் தெரியும். அமைதி அப்படியா? மேட்ரனின் வர்க்கப் பார்வைதான் அங்கே அளவுகோல்.

1975இல் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் மருத்துவ மாணவர்களுக்கு வகுத்த தேர்வுமுறை பின்னர் நர்சிங்குக்கும் வந்தது. வரிசையாக நிலையங்கள், எல்லாருக்கும் ஒரே வேலை, ஒரே பட்டியல். 1983இல் அமெரிக்காவின் கேத்லீன் போண்டி, பிறர் உதவி எவ்வளவு தேவைப்படுகிறது என்பதையும் சேர்த்து ஐந்து படிநிலைகளை வரையறுத்தார். 'நல்ல பெண்ணா?' என்ற கேள்வி பின்னுக்குப் போய், 'என்ன செய்தாள்?' என்பது முன்னுக்கு வந்தது. சாதி, நிறம், இங்கிலீஷ் உச்சரிப்பு பார்த்து மதிப்பிடப்படும் நம் பெண்களுக்கு இது சிறிய விஷயமல்ல. அக்கா மகள் சொன்னது நியாயம்தான்.

ஆனாலும் ஒரு கட்டம் உறுத்தியது: 'நோயாளியின் மறைவைக் காத்தல், திரையை இழுத்தல்.' "வார்டுல இதெல்லாம் செய்வீங்களா?" என்று கேட்டேன்.

"தேர்வு ரூம்ல திரை இருக்கு, இழுத்துட்டேன். வார்டுல திரை இருந்தாத்தானே மாமா இழுக்க?"

மாணவியின் ஒவ்வொரு அசைவையும் அளக்கிற தாளில், திரை வாங்காத நிர்வாகத்துக்கு ஒரு கட்டமில்லை. ஒரு நர்ஸின் தலையில் எத்தனை நோயாளிகள் என்பதற்கும் இல்லை. 1860இன் அட்டவணையிலும் அளக்கப்பட்டவள் மாணவிதான், மருத்துவமனை அல்ல. பட்டியலைக் கிழிக்கச் சொல்லவில்லை நான். அதில் இன்னும் சில கட்டங்களைப் போடுகிற உரிமை, வார்டில் நிற்கிற அந்தப் பெண்களுக்கு வேண்டும் என்கிறேன்.