மறைந்த நீரும் மறந்த வரம்பும்

திருச்சி - மதுரைச் சாலையை அடுத்துள்ள கொடும்பாளூர், இருக்குவேளிரின் தலைநகராய் விளங்கிய ஊராகும். அங்கே பூதி விக்கிரமகேசரி எழுப்பிய மூவர் கோயிலைக் காணச் செல்வோர், அருகிலுள்ள வட்டமான கற்கிணற்றையும் நின்று நோக்குதல் வேண்டும். அதில் இறங்கப் படிகள் உண்டு. கோடையில் நீர் தாழத் தாழ, இறங்க வேண்டிய படிகள் மிகும். ஆகவே, நீரின் அளவை ஊரார் கண்ணாலேயே அறிந்தனர்.

இன்றைய ஆழ்துளைக் கிணறு அவ்வளவைக் கண்ணுக்குக் காட்டுவதில்லை. இப்பகுதியோ கடும்பாறை நிலம். சிதைந்த பாறையடுக்கிலும் அடிப்பாறை வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். ஒருவர் மிகுதியாய் இறைப்பின் அண்டை வீட்டார் கிணறு வற்றும்.

இவ்வுண்மையை அரபு நூலோர் நன்குணர்ந்திருந்தனர். கணித மேதை அல்கரஜீ, கி.பி. 1017-ஆம் ஆண்டளவில் மறைந்த நீரை வெளிக்கொணரும் கலை பற்றித் தனி நூலே யாத்தார். நீர் இருக்குமிடத்தை அறியும் அடையாளங்களையும் நிலமட்டம் அளக்கும் கருவிகளையும் விளக்கிய அவர், 'ஹரீம்' பற்றியும் எழுதினார். ஒரு கிணற்றைச் சுற்றிப் பிறர் தோண்டலாகாத எல்லையே ஹரீம். நீரைத் தேடும் அறிவும் அயலார் உரிமையைக் காக்கும் வரம்பும் அவருக்கு ஒரே கல்வியாயின.

தமிழகத்திலும் 2003-இல் நிலத்தடி நீர்ச் சட்டம் இயற்றப்பட்டது. 2013-இல் அது நீக்கப்பட்டது. சட்டம் நீங்கினும் அயலார் உரிமை நீங்கிவிடுமோ? மழைக்கு முன்னும் பின்னும் நம் கிணற்று நீர்மட்டத்தை அளந்து குறித்து வைப்போமாக. அளவறிந்தவனே வரம்பறிவான்.