காணாமற்போன பதிவேடும் மேல்முறையீட்டு வழியும்: பழனிமலை நிலவுரிமை குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்



நினைவுச் சொற்பொழிவு என்று கூடும் அவையில் நிலத்தைப் பேசாமல் நம்மால் கலைய முடியாது. காரணைப் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தைத் தொடர்ந்து, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள். அதன்பின் வந்த ஆண்டுகளில் நிலப் போராட்டத்துக்கு இன்னொரு களமும் சேர்ந்திருக்கிறது. வட்டாட்சியர் அலுவலகப் பதிவறை, தகவல் ஆணையம், உயர் நீதிமன்றம் என்று அது நீள்கிறது. இந்தக் களத்தின் வரலாற்றைப் பழனிமலையை முன்வைத்துப் பார்ப்போம்.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை எழுதினார். 1892 செப்டம்பர் 30 அன்று வெளிவந்த 1010ஆம் எண் வருவாய்த்துறை அரசாணை, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒப்படை செய்ய வழி திறந்தது. முதல் பத்து ஆண்டுகளுக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதன்பின் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம் என்பவை ஒப்படையின் நிபந்தனைகள் ஆயின. இப்படி வழங்கப்பட்டது 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. அந்த நிலம் இன்று யார் கையில் இருக்கிறது என்று கேட்டால், முதலில் ஒப்படை நடந்ததற்கு என்ன ஆதாரம் என்று நம்மையே திருப்பிக் கேட்கிறார்கள். அந்த ஆதாரமோ அவர்கள் அலமாரியில் இருக்கிறது.

ஒப்படைப் பதிவேடு, பழைய நிலவரித்திட்டப் பதிவேடு, அ-பதிவேடு, அடங்கல், புலப்பட நூல் ஆகிய ஐந்தையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால்தான் ஒரு சர்வே எண்ணின் கதை தெரியும். 1980களில் நில உடைமைப் பதிவுகள் மேம்படுத்தப்பட்டபோது பழைய எண்கள் மாறின. பழைய பதிவேட்டில் டி.சி. நிலம் என்றிருந்த குறிப்பு புதிய பதிவேட்டுக்கு ஏறாமல் போனால், ஒரே வரியில் நிபந்தனை அழிந்து நிலம் வெறும் பட்டா நிலமாகிவிடும். இதற்குத் துப்பாக்கி தேவையில்லை. எழுதாமல் விட்டாலே போதும்.

பழனிமலையில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. 1845இல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டத் தொடங்கும் முன்பே பளியரும் புலையரும் அந்த மலையில் வாழ்ந்தார்கள். 1906இல் பிரான்சிஸ் தொகுத்த மதுரை மாவட்ட விவரச் சுவடி அவர்களைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் உழைப்பவராகப் பதிவானவர் உடையவராகப் பதிவாகவில்லை. பின்னர் 1985இல் மதுரையிலிருந்து திண்டுக்கல் மாவட்டம் பிரிந்தது. அதற்கு முந்தைய தாளைத் தேடிக் கீழ்மலைக் கிராமத்திலிருந்து போகிறவரை ஓர் அலுவலகம் இன்னோர் ஊருக்கு அனுப்பும், அந்த ஊர் அவரைத் திருப்பி அனுப்பும். அதே கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் 1904 முதல் எடுத்த சூரியப் படங்களை நூறாண்டு கடந்தும் காத்து வைத்திருக்கிறது. ஆகவே பதிவேடு அழிந்ததற்கு மலைக் குளிரையும் ஈரத்தையும் காரணம் காட்டினால் நாம் ஏற்க வேண்டியதில்லை. எதைக் காக்க வேண்டும் என்று நினைக்கிறார்களோ அதைக் காக்கிறார்கள்.

ஆவணத்தைக் கேட்பது உரிமை என்று சட்டம் ஒப்புக்கொள்ள வெகுகாலம் ஆனது. சுவீடன் 1766லேயே அதற்குச் சட்டம் செய்தது. இங்கோ 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் கோலோச்சியது. 1975இல் ராஜ் நாராயண் வழக்கில், அரசின் பொதுச் செயல்களை அறியும் உரிமை மக்களுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1997இல் மாநிலங்களில் முதலாவதாகத் தமிழ்நாடு தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. அது விலக்குகள் நிறைந்த சட்டம். ராஜஸ்தானில் கூலித் தொழிலாளர்கள் வருகைப் பதிவேட்டைக் கேட்டு நடத்திய போராட்டங்கள் 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்துக்கு வழிகோலின. கூலிக்காரர் கேட்ட கணக்கிலிருந்து பிறந்த சட்டம் என்பதை நாம் மறக்கலாகாது.

அந்தச் சட்டப்படி 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மறுத்ததாகவே பொருள். முதல் மேல்முறையீடு அதே துறையின் மேலதிகாரியிடம், இரண்டாவது சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையத்திடம். ஆணையத்தின் முடிவும் சரியில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. 2004இல் மதுரைக் கிளை திறந்ததால் அந்தப் படி மட்டும் நமக்குக் கொஞ்சம் அருகில் வந்தது.

நீதிமன்றங்கள் இந்த வழியை எப்படி வகுத்தன என்பதில் மூன்று தீர்ப்புகள் நமக்கு முக்கியம். 2011 டிசம்பரில் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 18ஆம் பிரிவையும் 19ஆம் பிரிவையும் பிரித்துக் காட்டியது. 18இன் கீழ் புகார் கொடுத்தால் அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம். தாள் கைக்கு வர வேண்டுமானால் 19இன் கீழ் மேல்முறையீடுதான் செய்ய வேண்டும். கோபத்தில் புகார் மட்டும் எழுதிவிட்டுக் காத்திருப்பவர் வெறுங்கையோடு திரும்ப நேரும்.

2013 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் விஷ்வாஸ் பாம்பூர்க்கர் வழக்கில், கோப்பு கிடைக்கவில்லை என்று சொல்லித் தகவலை மறுத்துவிட முடியாது என்றது. முழுமையாகத் தேட வேண்டும், தொலைந்திருந்தால் யார் பொறுப்பு என்று விசாரிக்க வேண்டும், அப்படி விசாரிக்க உத்தரவிடும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு என்றும் சொன்னது. நம் கிராமங்களுக்கு அடிக்கடி வரும் ‘பதிவேடு இல்லை’ என்ற ஒற்றை வரிப் பதிலுக்கு இதுவே மறுமொழி.

மூன்றாவது நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது. 2014 செப்டம்பரில், தகவல் கேட்பவர் தம் நோக்கத்தைச் சொல்ல வேண்டும் என்று ஓர் அமர்வு தீர்ப்பில் எழுதியது. காரணம் கேட்கக் கூடாது என்று 6(2) பிரிவு தெளிவாகச் சொல்வதை உணர்ந்து, சில நாட்களிலேயே அந்த அமர்வு தானாக முன்வந்து அப்பகுதியை நீக்கியது. நமக்கு இது சின்ன விஷயமில்லை. எதற்குக் கேட்கிறாய் என்ற கேள்வி, சேரியிலிருந்து வரும் ஒருவரிடம் கேட்கப்படும்போது மிரட்டலாகவே வந்து விழுகிறது.

இப்போது புதிய கதவு ஒன்று மூடப்படுகிறது. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) உட்பிரிவைத் திருத்தி, தனிநபர் தகவல் எதையும் மறுக்க இடம் தருகிறது. நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதே தனிநபர் தகவல் என்று நாளை சொல்லலாம். ஆனால் 8(3) பிரிவு இன்னும் இருக்கிறது. 20 ஆண்டுகளுக்கு முன் நடந்தது பற்றிய தகவலை, நாட்டின் பாதுகாப்பு, சட்டமன்ற உரிமை, அமைச்சரவைத் தாள்கள் என்ற மூன்று விலக்குகளுக்கு உட்பட்டு, தந்தாக வேண்டும் என்கிறது அது. தனிநபர் தகவல் என்ற விலக்கு அந்த மூன்றில் இல்லை. 1892 முதல் நடந்த ஒப்படைகளும் 1980களில் நடந்த மாற்றங்களும் 20 ஆண்டு கடந்தவையே. பொதுநலன் பெரிதென்றால் விலக்கை மீறியும் தரலாம் என்னும் 8(2) பிரிவும் நம் பக்கம் நிற்கிறது.

எனவே நாம் செய்ய வேண்டியவை சில. ஊருக்கு ஒரு சர்வே எண் பட்டியல் எழுதுவோம். ஐந்து பதிவேடுகளையும் பெயர் சொல்லித் தனித்தனியே கேட்போம், 2(ஜே) பிரிவின்படி நேரில் பார்வையிடவும் கேட்போம். ‘இல்லை’ என்றால் தேடிய விவரத்தைக் கேட்போம். கெடு தவறாமல் மேல்முறையீடு செய்வோம். மறுக்கும் பொறுப்பு அதிகாரியுடையது, அதை நியாயப்படுத்தும் சுமையும் அவருடையதே என்கிறது 19(5). ஒரு மனு தோற்றாலும், அதன் பதில் அடுத்த தலைமுறையின் கையில் ஆவணமாக இருக்கும். நம் பாட்டன்மார்களுக்கு ஒப்படையான நிலத்தின் தாளை நாம்தான் தேடி எடுக்க வேண்டும்.