குடியிருத்தலும் தங்குதலும்: அமெரிக்க நாள் வாடகை வீடுகளும் மண்டல விதிகளும்

நியூ ஆர்லியன்ஸ் நகரின் பழைய தெருக்களில் ‘இரட்டை ஷாட்கன்’ என்றொரு வீட்டு வகை உண்டு. குறுகிய முகப்பு, உள்ளே அறைக்குப் பின் அறையாகப் பின்கட்டு வரை நீளும் இரண்டு வீடுகள், நடுச்சுவர் ஒன்றைப் பகிர்ந்துகொண்டு ஒரே கூரையின் கீழ் நிற்கும். ஒரு பாதியில் வீட்டுக்காரர் இருப்பார். மறுபாதியை வாடகைக்கு விட்டு அந்தப் பணத்தில் கடனையும் வரியையும் அடைப்பார். வசதி குறைந்தவர்களும் சொந்த வீடு வைத்திருக்க இந்த அமைப்பு பல தலைமுறைகளுக்குத் துணையாக இருந்தது. ஏர்பிஎன்பி என்ற இணைய வாடகைத் தளம் 2008இல் தொடங்கிய பின், மாத வாடகைக் குடும்பம் இருந்த மறுபாதிக்குச் சில வீடுகளில் வார இறுதி விருந்தினர் வரத் தொடங்கினர். வேறு சில வீடுகளில் இரண்டு பாதிகளுமே விருந்தினருக்குப் போயின. உரிமையாளர் வேறு ஊரில் இருந்தார். தெருவில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்: கதவில் எண் பூட்டு, நடையில் சக்கரப் பெட்டி. சட்டத்துக்கும் இவை ஒன்றாகவே தெரிய வேண்டுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

என் வாதம் இது. குறுகிய கால வாடகை வீடுகள் பற்றிய அமெரிக்க உள்ளூர்ச் சண்டைகள் பெரும்பாலும் சத்தம், குப்பை, கார் நிறுத்தம், ‘தெருவின் இயல்பு’ ஆகியவற்றைச் சுற்றியே நடக்கின்றன. இவை உண்மையான தொல்லைகள். ஆனால் மண்டல விதியைத் தாங்கும் வலு இவற்றுக்கு இல்லை. ஒரு வீட்டில் யாரேனும் குடியிருக்கிறாரா என்பது ஒன்றே அந்த வலு உடைய கேள்வி. அதை நேராகக் கேட்காத விதிகள் நீதிமன்றத்தில் உடைகின்றன. உடையாதபோது தவறானவர்களைத் தண்டிக்கின்றன.

இந்த வேறுபாட்டைத் தமிழில் சொல்வது எளிது. நாம் ஒரு வீட்டில் குடியிருக்கிறோம்; விடுதியில் தங்குகிறோம். வாடகைக்கு வந்தவரும் குடித்தனக்காரரே. சொந்தக்காரரா வாடகைக்காரரா என்பதைப் பாராமல், அடுப்பு மூட்டி அங்கேயே வாழ்பவர் எல்லாரையும் ‘குடி’ என்ற சொல் உள்ளடக்குகிறது. நகரமைப்பு ஆவணங்களில் நாம் ‘குடியிருப்பு மண்டலம்’ என்று எழுதும்போது, அறியாமலே ஒரு விடையையும் சேர்த்து எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அதற்கு நிகராக நிற்கும் சொல்லோ, அங்கே நடப்பது உண்பதும் உறங்குவதுமா என்ற அளவில் நின்றுவிடக்கூடியது. அமெரிக்க நீதிபதிகள் இடறியது அங்கேதான்.

இரண்டு தீர்ப்புகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். சான் அன்டோனியோவின் டிம்பர்வுட் பார்க் மனைப்பிரிவில், வீடுகளைக் குடியிருப்புக்கே பயன்படுத்த வேண்டும் என்று பத்திரக் கட்டுப்பாடு இருந்தது. வேலை மாற்றத்தால் ஹூஸ்டன் சென்ற ஒருவர் அங்கிருந்த தம் வீட்டைச் சில நாள் வாடகைக்கு விட்டார். உரிமையாளர் சங்கம் எதிர்த்தது. டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 2018இல் வீட்டுக்காரர் பக்கம் நின்றது. கட்டுப்பாட்டில் கால அளவு எதுவும் சொல்லப்படவில்லை, வந்தவர்கள் அங்கே செய்தது வீட்டில் செய்யும் காரியங்களே என்றது. அடுத்த ஆண்டே பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம், போக்கனோஸ் மலைப்பகுதியின் ஹாமில்டன் டவுன்ஷிப் வழக்கில், ஒற்றைக் குடும்ப மண்டலத்தில் இத்தகைய வாடகைக்கு இடமில்லை என்றது. குடும்பம் என்றால் ஒன்றாகக் குடித்தனம் நடத்தும் அலகு, வந்து போகும் கூட்டத்தில் அந்த நிலைத்தன்மை இல்லை என்பது அதன் காரணம். ஒன்று தனியார் ஒப்பந்தம், மற்றது பொது விதி என்ற வேறுபாட்டை மறக்கக் கூடாது. தனியார் பத்திரத்தில் எழுதாததை நீதிமன்றம் சேர்த்துப் படிக்காமல் இருப்பது முறையே. ஆயினும் டெக்சாஸ் நீதிமன்றம் செயலைப் பார்த்தது, பென்சில்வேனியா நீதிமன்றம் உறவைப் பார்த்தது. இரண்டாவதே சரியான பார்வை என்று கருதுகிறேன். உறங்குவது விடுதியிலும் நடக்கிறது. வீட்டை வீடாக்குவது அதுவன்று.

உறவைப் பார்த்த முன்னோடித் தீர்ப்பு கலிஃபோர்னியாவிலிருந்து வந்தது. கார்மல்-பை-த-சீ என்ற கடலோரச் சிற்றூர், குடியிருப்பு மண்டலத்தில் 30 நாட்களுக்குக் குறைந்த வாடகையை 1989இல் தடை செய்தது. அத்தடையை 1991இல் ஏற்ற மேல்முறையீட்டு நீதிமன்றம், வாரம்தோறும் மாறும் விருந்தினர் உள்ளூர் நிர்வாகத்தில் பங்கேற்பதில்லை, நூலகத்தில் தொண்டு செய்வதில்லை, அடுத்த வீட்டு முதியவர் மேல் ஒரு கண் வைத்திருப்பதில்லை என்ற பொருளில் எழுதியது. இது வெறும் உணர்ச்சி என்று ஒதுக்குபவர்கள் உண்டு. நான் ஒதுக்கமாட்டேன். பக்கத்து வீட்டுக் கதவு இரண்டு நாளாகத் திறக்கவில்லை என்பதைக் கவனிக்க ஒருவர் இருப்பது ஊரின் அடிப்படைக் கட்டமைப்பு. குழாயும் சாக்கடையும் போல.

ஆனால் கருத்துக்கேட்புக் கூட்டங்களில் மக்கள் இதைச் சொல்வதில்லை. ஒலிவாங்கியின் முன் கிடைக்கும் இரண்டு மூன்று நிமிடங்களில் சொல்லக்கூடியது நள்ளிரவுக் கும்மாளமும் நிரம்பி வழியும் குப்பைத் தொட்டியுமே. நகர மன்றமும் அதையே விதியின் காரணமாக எழுதிவைக்கிறது. ஆஸ்டின் நகரம் அதற்கு விலை கொடுத்தது. உரிமையாளர் குடியிராத நாள் வாடகை வீடுகளை 2022க்குள் குடியிருப்பு மண்டலங்களிலிருந்து படிப்படியாக நீக்க 2016இல் விதி செய்தது. டெக்சாஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019இல், முன்பே சட்டப்படி நடந்துவந்த பயன்பாட்டைப் பின்னோக்கிப் பறிப்பதாகச் சொல்லி அதை ரத்து செய்தது. சத்தமும் குப்பையும்தான் சிக்கல் என்றால் அவற்றுக்கான விதிகள் ஏற்கெனவே உள்ளன, நகரம் முதலில் அவற்றை அமல்படுத்தட்டும் என்பது அத்தீர்ப்பின் ஓட்டம். அந்த அளவில் நீதிமன்றத்தைக் குறைசொல்ல முடியாது. சத்தத்துக்கு மருந்து சத்த விதி; அதற்காக மண்டலத்தை மாற்றி வரைவது பொருந்தாது.

‘தெருவின் இயல்பு’ என்ற சொல்லாட்சியில் இன்னும் பெரிய ஆபத்து உண்டு. அமெரிக்க மண்டல விதிகளுக்கு அரசியலமைப்புத் தகுதி தந்த 1926ஆம் ஆண்டின் யூக்ளிட் தீர்ப்பே அடுக்குமாடி வீட்டை ஒட்டுண்ணியாகப் பார்த்த தீர்ப்பு. கறுப்பினத்தவரையும் வெள்ளையரையும் தெருவாரியாகப் பிரித்த நியூ ஆர்லியன்ஸின் நகர விதியை அதற்கடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 1974இல் பெல் டெர் வழக்கில், உறவுமுறையில்லாத மாணவர்கள் சேர்ந்து ஒரு வீட்டில் வாழ்வதைத் தடுத்த விதி அமைதியான குடும்பச் சூழலின் பேரால் நிலைத்தது. அந்த மாணவர்கள் அங்கே தங்கியவர்கள் அல்லர், குடியிருந்தவர்கள். எந்த மாதிரி மனிதர் வருகிறார் என்று கேட்கத் தொடங்கும் விதி எங்கே போய் முடியும் என்பதை நியூ ஆர்லியன்ஸ் மற்ற ஊர்களைவிட நன்றாக அறியும். எனவே எவ்வளவு காலம் இருக்கிறார், அந்த வீட்டை வாழ்விடமாகக் கொண்டவர் ஒருவர் இருக்கிறாரா என்ற அளவோடு விதி நின்றுகொள்ள வேண்டும்.

பொருளியல் ஆய்வும் இதே இடத்துக்கே வந்துசேர்கிறது. பாரன், குங், ப்ரோசர்பியோ மூவரும் அமெரிக்கா முழுமைக்கும் செய்து 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு பகுதியில் ஏர்பிஎன்பி விளம்பரங்கள் 1 விழுக்காடு கூடினால் வாடகை 0.018 விழுக்காடும் வீட்டு விலை 0.026 விழுக்காடும் ஏறுகின்றன. எண்கள் சிறியவை. ஆனால் விளம்பரங்கள் ஆண்டுக்கு ஆண்டு பல மடங்கு பெருகிய காலத்தில் அச்சிறு எண்கள் திரண்டு பெரிதாயின. எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது அவர்களது மற்றொரு முடிவு: உரிமையாளரே குடியிருக்கும் வீடுகள் மிகுந்த பகுதிகளில் இவ்விளைவு குறைவு. காரணம் எளிது. தான் வாழும் வீட்டின் ஓர் அறையைத் தருபவர் சந்தையிலிருந்து ஒரு வீட்டை அகற்றுவதில்லை. ஆளில்லா வீட்டை விருந்தினருக்குத் திருப்புபவர் ஒரு குடும்பத்தின் இடத்தை அகற்றுகிறார்.

நியூ ஆர்லியன்ஸ் இதை உணர்ந்தே நடந்தது, உணர்ந்ததைத் தவறான கருவியால் எழுதியது என்பது என் மதிப்பீடு. 2017 ஏப்ரலில் நகரம் குறுகிய கால வாடகையைச் சட்டபூர்வமாக்கி, முழு வீட்டையும் ஆண்டுக்கு 90 இரவுகள் வரை விட அனுமதித்தது. ஃப்ரெஞ்ச் குவார்ட்டரின் பெரும்பகுதியில் இந்த அனுமதி இல்லாததால் நெருக்கடி அதைச் சுற்றியிருந்த மரின்யி, ட்ரேமே, பைவாட்டர் பகுதிகளில் இறங்கியது. ட்ரேமே நாட்டின் மிகப் பழைய கறுப்பினக் குடியிருப்புகளில் ஒன்று. 2005இன் கட்ரீனா புயலுக்குப் பின் திரும்பிவர முடியாமல் போனவர்களின் இடம் ஏற்கெனவே வெறுமையாய் இருந்த ஊர் அது. அங்கே பூட்டிய வீடு ஒவ்வொன்றும் வேறு ஊரைவிடக் கூடுதலாக உறுத்தும். 2019இல் நகர மன்றம் விதியைத் திருத்தியது: சொந்த வீட்டு வரி விலக்கு பெற்றவருக்கே, அதாவது அந்த மனையில் தாமே வாழும் உரிமையாளருக்கே, குடியிருப்பு மண்டலத்தில் உரிமம். ஒருவர் ஒரு வீட்டுக்குத்தான் அவ்விலக்கைக் கோர முடியும் என்பதால் சரிபார்ப்பது எளிது. நிர்வாக நோக்கில் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான்.

அது 2022 ஆகஸ்டில் விழுந்தது. ஹிக்னெல்-ஸ்டார்க் வழக்கில் ஐந்தாம் வட்டாரக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், உரிமம் என்பது பறிக்க முடியாத சொத்துரிமை அன்று என்று நகரத்துக்குச் சாதகமாகச் சொல்லிவிட்டு, வெளிமாநில உரிமையாளரை முற்றாக வெளியே நிறுத்தும் நிபந்தனை மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்துக்கு எதிரான பாகுபாடு என்று தள்ளியது. தொல்லையைத் தடுக்கவும் தெருவைக் காக்கவும் பாகுபாடற்ற வேறு வழிகள் உண்டு: விதிகளைக் கடுமையாக அமல்படுத்தலாம், உரிமங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கலாம், இரவில் பொறுப்பாளர் ஒருவர் மனையில் இருக்கக் கட்டளையிடலாம் என்றது நீதிமன்றம்.

தீர்ப்பு என்னை முழுதும் இணங்கச் செய்யவில்லை. அதே நாட்டில் ஒன்பதாம் வட்டார நீதிமன்றம் 2019இல் சான்டா மோனிக்காவின் விதியை இதே வகையான எதிர்ப்பிலிருந்து காத்தது. அந்நகரம் முழு வீட்டு விடுமுறை வாடகையைத் தடை செய்து, முதன்மையாக அங்கு குடியிருப்பவர் விருந்தினர் இருக்கும் நாட்களில் உடனிருந்தால் மட்டுமே அனுமதித்தது. இரண்டு விதிகளின் நோக்கமும் ஒன்றே. வாசகத்தில்தான் வேறுபாடு: சான்டா மோனிக்கா குடியிருப்பவரைக் கேட்டது, நியூ ஆர்லியன்ஸ் குடியிருக்கும் உரிமையாளரைக் கேட்டது. உரிமையாளர் என்ற ஒற்றைச் சொல் சேர்ந்ததும், வெளியூர்க்காரருக்கு எதிரான விதியாக அது தோற்றம் கொண்டது. மற்றொரு அநீதியும் அதிலிருந்தது, நீதிமன்றம் அதைப் பேசவில்லை: இருபது ஆண்டுகள் ஒரே தெருவில் வாடகைக்கு வாழ்ந்தவரும் அந்த விதியின் கண்ணில் குடியல்லர்.

2023இல் நகரம் எடுத்த அடுத்த வழி, பொதுவாக ஒரு தெருச் சதுக்கத்துக்கு ஓர் உரிமம், மனுக்கள் மிகுந்தால் குலுக்கல். வட கரோலினாவின் வில்மிங்டன் இதற்கு முன்பே 400 அடி இடைவெளி விதியோடு குலுக்கல் நடத்தியது. வாடகை வீடுகளைப் பதிவு செய்யக் கட்டாயப்படுத்துவதை மாநிலச் சட்டம் தடுக்கிறது என்று 2022இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை முறித்தது. சட்டச் சிக்கல் இல்லாவிட்டாலும் குலுக்கலை நான் எதிர்ப்பேன். இரட்டை ஷாட்கனின் ஒரு பாதியில் வாழ்ந்துகொண்டு மறுபாதியின் வருமானத்தால் காப்பீட்டுத் தவணை கட்டும் மூதாட்டி, சீட்டு விழாததால் விலக்கப்படலாம். 2021இன் ஐடா புயலுக்குப் பின் லூயிசியானாவில் பல காப்பீட்டு நிறுவனங்கள் திவாலாகித் தவணைகள் ஏறிய நிலையில், அந்த வருமானத்தைப் பேராசை என்று சொல்ல எனக்கு மனம் வராது. யாருக்கு உரிமம் என்பதற்கு நியாயம் சொல்ல வேண்டிய இடத்தில் நகர மன்றம் அதிர்ஷ்டத்தை உட்கார வைக்கிறது.

நியூயார்க்கின் 18ஆம் எண் உள்ளூர்ச் சட்டம் இவ்வகையில் தெளிவானது. 2023 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. 30 நாட்களுக்குக் குறைந்த வாடகைக்கு வீட்டில் வாழ்பவர் உடனிருக்க வேண்டும், இரண்டு விருந்தினருக்கு மேல் கூடாது, நகரத்தில் பதிவு வேண்டும். பதிவெண்ணைச் சரிபார்க்காமல் இணையத் தளம் பணத்தைக் கைமாற்றக் கூடாது. ஒப்பந்தம் தடுக்காதவரை வாடகைக்காரரும் பதிவு செய்யலாம். இரண்டு பேர் என்ற வரம்பு மிகக் குறுகியது. குழந்தைகளோடு வரும் குடும்பத்தை அது விடுதிக்கே துரத்துகிறது. ஆனால் கேள்வி சரியான கேள்வி.

என் வாதத்தை அதன் முடிவு வரை கொண்டுபோனால் அது சிலருக்குக் கசக்கும். கார்மலில் பல வீடுகள் செல்வந்தரின் இரண்டாம் வீடுகள். ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடப்பவை. அண்டை முதியவரைக் கவனிக்க ஆள் வேண்டும் என்பதற்காக விருந்தினரைத் தடுத்த ஊர், யாரும் வராத வீட்டை அப்படியே விட்டுவைப்பது முரண். குடியில்லாத வீடுதான் இழப்பு என்றால் பூட்டிய வீடும் இழப்பே. கனடாவின் வான்கூவர் நகரம் 2017 முதல் காலி வீட்டுக்கு அதன் மதிப்பில் 1 விழுக்காடு வரி விதித்து, பின்னர் அதை 3 விழுக்காடாக உயர்த்தியது. நாள் வாடகையைத் தடுக்கும் ஊர்கள் இந்த இரண்டாவது அடியையும் வைக்கத் தயங்கினால், அவை காப்பது குடிகளையா, செல்வந்தரின் அமைதியையா என்று கேட்கும் உரிமை வாடகைக்காரருக்கு உண்டு.

எதிர்முனையில் வட கரோலினாவின் அவுட்டர் பேங்க்ஸ் தீவுக்கரை இருக்கிறது. அங்குள்ள பெரிய கடற்கரை வீடுகளில் பல, வார வாடகைக்கென்றே கட்டப்பட்டவை. சனிக்கிழமை காலை ஒரு குடும்பம் வெளியேறும், மாலை அடுத்த குடும்பம் நுழையும். அங்கே யாருடைய குடியும் கலையவில்லை. கார்மலின் தடையை அங்கே பெயர்த்து நடுவது அறிவீனம். ஆனால் இரண்டு குடும்பங்களுக்கும் இடைப்பட்ட அந்தச் சில மணி நேரத்தில் படுக்கை விரிப்புகளை மாற்றி, தரையைத் துடைத்து, துண்டுகளை அடுக்கும் தொழிலாளிகள் இருக்கிறார்கள். தீவுக்கரையில் அவர்களுக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் வீடு கிடைப்பது அரிது. பாலங்களைக் கடந்து தொலைவிலிருந்து வருகிறவர்கள் அவர்களில் பலர். அப்பகுதியின் மண்டல வரைபடத்தில் அவர்கள் குடியிருக்க எங்கே நிலம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதை அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்க வேண்டும்.