இனிக்கும் சங்கீதம், கசக்கும் கொள்கை: வாக்னரும் இஸ்ரேலும்

ஒருவருடைய கொள்கை நமக்குக் கசக்கிறது. அவர் இயற்றிய சங்கீதமோ இனிக்கிறது. இந்தத் தர்மசங்கடம் ரசிகர்கள் எல்லோருக்கும் ஏதாவது ஒரு சமயம் வருவதுதான். பெரும்பாலும் நாம் மனத்துக்குள் ஒருவிதமாகச் சமாதானம் செய்துகொண்டு தொடர்ந்து கேட்கிறோம். ஆனால் ஒரு நாட்டில் இந்தக் கேள்வி 1938 முதல் இன்றுவரை பொது மேடையில் விவாதிக்கப்பட்டு, நீதிமன்றம் போய், பார்லிமெண்டு வரை எட்டி, இன்னும் முடிவுக்கு வராமல் இருக்கிறது. அந்த நாடு இஸ்ரேல். அந்தச் சங்கீத மேதை ஜெர்மனியின் ரிச்சர்ட் வாக்னர். இந்தச் சரித்திரத்தில் முக்கிய பங்கு வகித்தவர்களில் ஒருவர் பம்பாயில் பிறந்த ஸுபின் மேத்தா. ஆகவே நம் அங்கத்தினர்களுக்கு இது சுவாரசியமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

வாக்னர் யார்?

வாக்னர் 1813-ல் லைப்ஸிக் நகரில் பிறந்து 1883-ல் வெனிஸ் நகரில் காலமானார். ஐரோப்பாவில் ஆபரா என்று சொல்லப்படும் இசை நாடகத்தின் போக்கையே மாற்றியவர். நான்கு இரவுகள் தொடர்ந்து, ஏறக்குறைய 15 மணி நேரம் நடக்கும் 'ரிங்' என்ற நாடகத் தொகுப்பை இயற்றியவர். அதை நடத்துவதற்கென்றே பைராய்ட் என்ற சிற்றூரில் ஓர் அரங்கம் கட்டுவித்து 1876-ல் திறந்தார்.

அவருடைய 'டிரிஸ்டன் உண்ட் இஸோல்ட' 1865-ல் மியூனிக் நகரில் அரங்கேறியது. அதன் தொடக்கத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டு ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் தவிக்கிறது. நம் சங்கீதத்தில் ஒரு வித்வான் ஷட்ஜத்துக்கு வந்து சேராமல் சஞ்சாரத்தை நீட்டிக்கொண்டே போனால் நமக்கு ஓர் ஏக்கம் உண்டாகுமல்லவா? அந்த ஏக்கத்தை ஏறக்குறைய நான்கு மணி நேரம் நீட்டி, நாயகி உயிர் விடும் கடைசிக் கட்டத்தில்தான் வாக்னர் தீர்த்து வைக்கிறார். இந்தக் கடைசிக் கட்டத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் இது திரும்ப வரும்.

இனி மறுபக்கம். 1850-ல் புனைபெயரில் வாக்னர் ஒரு கட்டுரை பிரசுரித்தார். சங்கீதத்தில் யூதர்களின் இடம் பற்றியது. யூதர்களால் போலி செய்ய முடியுமே தவிர உண்மையான கலையைப் படைக்க முடியாது என்பது அதன் சாரம். 1869-ல் அதையே விரிவுபடுத்தித் தன் சொந்தப் பெயரிலேயே மறுபடி வெளியிட்டார். ஆகவே இளமைக் காலத்துப் பிழை என்று இதைத் தள்ளிவிட முடியாது. இத்தனைக்கும், ஆரம்ப நாட்களில் அவருடைய நாடகம் மேடையேற உதவியவர் மையர்பேர் என்ற யூதர். கட்டுரையில் பலமாகத் தாக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர். வள்ளுவர் தனி அதிகாரமே ஒதுக்கிய குற்றம் இது.

மனித சுபாவம் விசித்திரமானது. வாக்னரின் கடைசிப் படைப்பான 'பார்ஸிஃபால்' 1882-ல் பைராய்டில் அரங்கேறியபோது ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தியவர் ஹெர்மன் லெவி. அவர் ஒரு யூத மதகுருவின் மகன். ஞானஸ்நானம் பெறும்படி வாக்னர் வற்புறுத்தியும் லெவி இணங்கவில்லை. ஆயினும் வாக்னரின் சங்கீதத்தின் மேல் அவர் வைத்திருந்த பக்தி குறையவில்லை. யூதர்களுக்குத் தனி நாடு வேண்டும் என்ற இயக்கத்தின் தந்தையான தியோடோர் ஹெர்ஸல், 1895-ல் பாரிஸில் தமது நூலை எழுதிக்கொண்டிருந்த நாட்களில், மாலை வேளைகளில் வாக்னரின் 'டான்ஹாய்ஸர்' கேட்டுத்தான் உற்சாகம் பெற்றதாக அவரே எழுதி வைத்திருக்கிறார்.

1938-ல் எடுத்த முடிவு

ஹிட்லர் பிறந்தது 1889-ல், அதாவது வாக்னர் இறந்து ஆறு ஆண்டுகள் கழித்து. நாஜிகள் செய்த கொலைகளுக்கு வாக்னரை நேரடியாகப் பொறுப்பாக்க முடியாது. ஆனால் ஹிட்லர் வாக்னரின் பரம ரசிகர். வாக்னரின் மருமகள் வினிஃப்ரெட் அவருடைய நெருங்கிய ஆதரவாளர். பைராய்ட் விழா நாஜி அரசின் கௌரவச் சின்னமாகவே ஆகிவிட்டது.

போலந்து நாட்டு யூத வயலின் மேதை ப்ரோனிஸ்லாவ் ஹூபர்மன், ஜெர்மனியிலும் அண்டை நாடுகளிலும் வேலை இழந்துகொண்டிருந்த யூதக் கலைஞர்களைத் திரட்டி, பாலஸ்தீனத்தில் ஓர் ஆர்க்கெஸ்ட்ராவை அமைத்தார். 1936 டிசம்பர் 26 அன்று டெல் அவிவ் நகரில் நடந்த முதல் கச்சேரியை இத்தாலியரான டோஸ்கனீனி நடத்திக் கொடுத்தார். நாஜிகளின் யூத விரோதத்தைக் கண்டித்து 1933-ல் பைராய்ட் விழாவையே உதறியவர் அவர். அதே டோஸ்கனீனி 1938 ஏப்ரலில் மறுபடி வந்தபோது, வாக்னரின் 'லோஹென்கிரின்' முன்னிசைகளை அங்கே வாசிக்கச் செய்தார். பைராய்டைப் புறக்கணித்தவர் வாக்னரைப் புறக்கணிக்கவில்லை என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

அந்த நிலை ஏழே மாதங்களில் மாறியது. 1938 நவம்பர் 9, 10 தேதிகளில் ஜெர்மனி முழுவதும் யூதர்களின் கோயில்களும் கடைகளும் தாக்கப்பட்டன. உடைந்த கண்ணாடி இரவு என்று சரித்திரத்தில் பெயர் பெற்ற சம்பவம் அது. அடுத்த சில நாட்களில் நடக்கவிருந்த கச்சேரியிலிருந்து வாக்னரின் 'மைஸ்டர்ஸிங்கர்' முன்னிசையை பாலஸ்தீன ஆர்க்கெஸ்ட்ரா நீக்கியது. அன்று தொடங்கிய வழக்கம்தான் இன்றுவரை தொடர்கிறது. 1948-ல் நாடு உதயமான பின் அந்த ஆர்க்கெஸ்ட்ரா இஸ்ரேல் ஃபில்ஹார்மோனிக் ஆயிற்று, வழக்கம் மாறவில்லை.

அரசாங்க உத்தியோகத்தில் பல ஆண்டுகள் கழித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சுட்டிக்காட்டுகிறேன். சட்டம் வேறு, உத்தரவு வேறு, வழக்கம் வேறு. இஸ்ரேலில் வாக்னரைத் தடை செய்யும் சட்டம் எதுவும் கிடையாது. ஒலித்தட்டு வாங்கலாம், வீட்டில் கேட்கலாம். பொது மேடையில் மட்டும் வாசிப்பதில்லை. அந்த வழக்கத்தைக் காத்து நிற்பது போலீஸ் அல்ல. முகாம்களிலிருந்து உயிர் தப்பி வந்தவர்களின் துயரம்தான்.

பம்பாய்க்காரரின் துணிவு

1936-ல் பம்பாயில் பார்ஸி குடும்பத்தில் பிறந்தவர் ஸுபின் மேத்தா. தந்தை மெஹ்லி மேத்தா பம்பாய் ஸிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ராவைத் தோற்றுவித்தவர். ஸுபின் இஸ்ரேல் ஃபில்ஹார்மோனிக்கை முதன்முதல் நடத்தியது 1961-ல். 1977-ல் அதன் சங்கீத டைரக்டர் ஆகி, 2019 வரை அந்தப் பதவியில் இருந்தார்.

1981 அக்டோபரில் டெல் அவிவ் நகரில், அறிவித்த உருப்படிகள் முடிந்த பிறகு, மேத்தா சபையோரிடம் பேசினார். அடுத்து உபரியாக வாக்னரின் 'டிரிஸ்டன்' கடைசிக் கட்டத்தை வாசிக்கப் போவதாகவும், விருப்பமில்லாதவர்கள் எழுந்து போகலாம் என்றும் சொன்னார். வாசிக்க மனமில்லாத ஆர்க்கெஸ்ட்ரா உறுப்பினர்கள் இருவருக்கு விலக்கு அளித்தார். சிலர் வெளியேறினர். அரங்கப் பணியாளர் ஒருவர் மேடை அருகே வந்து, சட்டையைத் திறந்து, உடலில் இருந்த தழும்புகளைக் காட்டிக் கூவினார். கூச்சலுக்கும் தள்ளுமுள்ளுக்கும் நடுவேதான் சங்கீதம் நடந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1991 டிசம்பரில், டானியல் பாரன்பாய்ம் நடத்த வாக்னர் வாசிக்க இதே ஆர்க்கெஸ்ட்ரா திட்டமிட்டது. சந்தாதாரர்களின் எதிர்ப்பால் அது கைவிடப்பட்டது.

அடுத்து நடந்தவை

2000 அக்டோபரில் ரிஷோன் லெஸியோன் நகரத்து ஆர்க்கெஸ்ட்ரா, வாக்னரின் 'ஸீக்ஃப்ரீட் இடில்' என்ற சிறிய படைப்பை முன்கூட்டியே அறிவித்து வாசித்தது. மனைவி கோஸிமாவின் பிறந்த நாளுக்காக 1870-ல் வாக்னர் எழுதிய சாத்விகமான படைப்பு அது. தடை கோரி வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் தலையிட மறுத்தது. வாசிப்பின் நடுவே ஒரு முதியவர் கிலுகிலுப்பையைச் சுழற்றி ஆட்சேபம் தெரிவித்தார். நடத்தியவர் மெண்டி ரோடன், அவரும் நாஜிக் காலத்துக் கொடுமைகளிலிருந்து தப்பி வந்தவரே. ஆக, துன்பப்பட்டவர்கள் எல்லோரும் ஒரே அபிப்ராயம் கொண்டவர்கள் என்று நாம் எண்ணிவிடக் கூடாது.

2001 ஜூலை 7 அன்று ஜெரூசலத்தில் பாரன்பாய்ம் பெர்லின் ஆர்க்கெஸ்ட்ராவுடன் வந்திருந்தார். நிகழ்ச்சி நிரலில் இருந்த வாக்னர், எதிர்ப்பின் காரணமாக முன்பே நீக்கப்பட்டிருந்தது. கச்சேரி முடிந்ததும் அவர் சபையோரிடம் அபிப்ராயம் கேட்டார். சுமார் அரை மணி நேரம் விவாதம் நடந்தது. சிலர் கதவை அறைந்து வெளியேறினார்கள், பெரும்பாலோர் உட்கார்ந்திருந்தார்கள். 'டிரிஸ்டன்' வாசிக்கப்பட்டது, எழுந்து நின்று கரகோஷம் செய்தார்கள். பிறகு இஸ்ரேல் பார்லிமெண்டுக் குழு ஒன்று, அவர் மன்னிப்புக் கேட்கும்வரை அவரைப் புறக்கணிக்க வேண்டும் என்று கலாசார நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. 2018-ல்கூட அந்நாட்டுப் பொது வானொலி வாக்னரை ஒலிபரப்பிவிட்டுப் பின்னர் நேயர்களிடம் மன்னிப்புக் கேட்டது.

ஒரு பௌதிக மாணவனின் சந்தேகம்

பி.எஸ்ஸி. பௌதிகம் படித்த எங்கள் தலைமுறைக்கு பிலிப் லெனார்டும் ஜோஹன்னஸ் ஸ்டார்க்கும் தெரிந்த பெயர்கள். முன்னவர் 1905-லும் பின்னவர் 1919-லும் நோபல் பரிசு பெற்றவர்கள். இருவரும் நாஜி ஆதரவாளர்கள். ஐன்ஸ்டீனின் கொள்கை யூதர்களின் பௌதிகம் என்று தூற்றியவர்கள். ஆனாலும் ஸ்டார்க் விளைவைப் பாடப் புத்தகத்திலிருந்து நீக்கும்படி யாரும் கேட்கவில்லை. சங்கீதத்துக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

யோசித்தால் விடை தெரிகிறது. மின்புலத்தில் நிறமாலைக் கோடுகள் பிரிவது இயற்கையின் செயல். ஸ்டார்க் அதைக் கண்டுபிடித்தார், அவ்வளவே. அவர் இல்லாவிட்டால் வேறொருவர் கண்டுபிடித்திருப்பார். 'டிரிஸ்டன்' அப்படி அல்ல. வாக்னர் இல்லாவிட்டால் அது இல்லை. மேலும் பௌதிகத்தை நாம் புரிந்துகொள்கிறோம். சங்கீதத்துக்கோ மனத்தைத் திறந்து கொடுக்கிறோம். யாருக்குத் திறந்து கொடுக்கிறோம் என்று மனம் கேட்பது இயல்பே.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. இயற்றியவரின் பிறப்பைப் பார்த்துச் சங்கீதத்தை விலக்கியவர்கள் நாஜிகள்தான். வாக்னர் பிறந்த அதே லைப்ஸிக் நகரில், யூதக் குடும்பத்தில் பிறந்த மெண்டல்ஸோனின் சிலையை 1936 நவம்பரில், மேயர் கோர்டலர் வெளியூர் போயிருந்த சமயம் பார்த்து அகற்றினார்கள். கோர்டலர் அதை ஏற்காமல் பதவியைத் துறந்தார். சிலை இருந்தபோதும் போனபோதும் மெண்டல்ஸோனின் சங்கீதம் அதேதான். 2008-ல் அந்நகரில் மீண்டும் சிலை எழுந்தது.

என் அபிப்ராயம்

இந்தச் சரித்திரத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிட்டன என்று எனக்குத் தோன்றுகிறது. நான் கேட்கலாமா என்பது ஒன்று. பக்கத்து நாற்காலிக்காரரையும் கேட்க வைக்கலாமா என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்கு விடை, கேட்கலாம் என்பதே. ஆனால் ரசிப்பதற்காக இயற்றியவரை நல்லவராக்க வேண்டாம். அவர் கெட்டவர் என்பதற்காக அவருடைய சங்கீதத்தை மட்டம் என்று சொல்லவும் வேண்டாம். இரண்டும் பொய். நம் மேடைகளிலேயே இதற்கு உதாரணம் உண்டு. பெரியாரின் கொள்கையைப் பின்பற்றிய பாரதிதாசனின் பாடல், தண்டபாணி தேசிகர் அமைத்த தேஷ் ராக மெட்டில், கர்நாடக சங்கீதக் கச்சேரிகளில் பல காலமாகப் பாடப்பட்டு வருகிறது. கண்ணை மூடிக் கேட்கும் ரசிகர்களில் பலருக்கு அவர் கொள்கையில் உடன்பாடு கிடையாது. அதனால் பாட்டுக்கும் குறைவில்லை, அவர்களுடைய கொள்கைக்கும் குறைவில்லை.

இரண்டாவது கேள்வி கடினம். கருத்து வேற்றுமை ஒன்று, ஆறாத காயம் வேறொன்று. தழும்பைக் காட்டியவர் வாக்னரின் கட்டுரையோடு வாதம் செய்யவில்லை; தன் உடம்போடு வாழ்ந்துகொண்டிருந்தார். மேத்தாவின் துணிவையும், முன்னதாகச் சொல்லி விலக்கு அளித்த பண்பையும் நான் மதிக்கிறேன். ஆனாலும் வேறு உருப்படிகளுக்காகச் சீட்டு வாங்கி வந்தவரை, இரு அல்லது வெளியே போ என்று தேர்வு செய்யச் சொல்வது முழு நியாயம் ஆகாது. அந்த வகையில் ரிஷோன் லெஸியோன் செய்தது மேல். முன்பே அறிவித்தார்கள், வந்தவர்கள் தெரிந்து வந்தார்கள், ஆட்சேபித்தவர்கள் வழக்கும் போட்டார்கள், ஒருவர் கிலுகிலுப்பையும் சுழற்றினார். யாருடைய உரிமையும் பறிபோகவில்லை.

முகாம்களைக் கண்ட தலைமுறை இன்று மிகவும் சுருங்கிவிட்டது. அவர்களுக்குப் பின் அந்த வழக்கம் நீடிக்க வேண்டுமா என்பதை அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தீர்மானிக்கட்டும். காரணம் தெரிந்து கடைப்பிடித்தாலும் சரி, காரணம் தெரிந்து விட்டாலும் சரி. காரணத்தை மறந்துவிட்டு இரண்டில் எதைச் செய்தாலும், தழும்பைக் காட்டிய அந்த மனிதருக்கு அது மரியாதை ஆகாது.